மத்தியஸ்தர்களுக்கு முன்னால் குவிந்த ஆடைகள்

2016 ஆகஸ்ட் 21. றியோ ஒலிம்பிக்கில் 65 கிலோ மல்யுத்தத்தின் வெண்கலப் பதக்கப் போட்டி. மொங்கோலியாவின் கான்சோரிக் 7-6 என முன்னிலையில் இருந்தார். இறுதி வினாடிகளில் பிடிகொடாமல் விலகியோடி, வெற்றியை முன்கூட்டியே ஆடிக் கொண்டாடினார். அதற்குத் தண்டப்புள்ளி விதிக்கப்பட்டது. 7-7, கடைசிப் புள்ளியைப் பெற்றவர் என்பதால் உஸ்பெகிஸ்தானின் நவ்ருசோவுக்கு வெற்றி.

தொடர்ந்து நடந்தவற்றை உலகமே பார்த்தது. கான்சோரிக்கின் பயிற்றுநர்கள் இருவரும் மத்தியஸ்தர்களுக்கு முன்னால் ஆடைகளைக் களைந்தெறிந்தனர். ஒருவர் உள்ளாடையுடன் நின்றார். பார்வையாளர்களோ ஆரவாரித்தனர்! இறுதிப் புள்ளி 8-7 என்றே பதிவாயிற்று. பயிற்றுநர்களுக்கு மூன்றாண்டுத் தடை கிடைத்தது.

அந்தத் தண்டப்புள்ளி கொடுமையானது என்போர் உண்டு. நானும் அதை அடியோடு மறுக்கமாட்டேன். ஆனால், மல்யுத்தத்தில் பயிற்றுநருக்கு முறையீட்டு வழி உண்டு. மெத்தைமீது பஞ்சுக்கட்டையொன்றை எறிந்தால் ஒளிப்பதிவை மீளப் பார்ப்பார்கள். முறையீடு தோற்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி. ஆகவே கோபத்துக்கும் அங்கே விலையுண்டு.

மொங்கோலியாவில் மல்யுத்தம் தேசிய விளையாட்டு. நாதாம் திருவிழாவில் வீரனின் தொப்பியைக் கையிலேந்தி, அவனது பட்டங்களை உரத்து முழங்கும் 'சசூல்' என்பவர் களத்தில் அவனுடனேயே நிற்பார். அத்தகைய நாட்டுச் சிறுவர்கள், மத்தியஸ்தரை எதிர்கொள்வது எப்படி என்பதையும் தம் பயிற்றுநரிடமிருந்தே கற்கிறார்கள்.

அன்றைய காணொளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது கழற்றப்பட்ட ஆடைகளல்ல. தண்டப்புள்ளிக்கு முந்திய அந்தச் சில வினாடிகளே. "ஆடாதே, மல்லுக்கு நில்" என்று மெத்தையோரத்திலிருந்து கத்தியிருக்க வேண்டியவர்கள் அவ்விருவரும்தான்.