தட்டில் இல்லாத பெயர்

நெய்வேலி நகரியத்தில் பணி நிறைவு பெறுவோர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊருக்குப் புறப்படும்போது, எடுத்துச் செல்ல இயலாத பொருள்களைப் பங்கு இல்லத்தில் வைத்துவிட்டுப் போவதுண்டு. பழைய பாட நூல்கள், குடில் பொம்மைகள், கால் ஆடும் நாற்காலி என நம் இல்லத்தின் பின்னறை அவற்றால் நிறைந்திருக்கிறது. அவ்வாறு ஒரு மாலை, சுரங்கப் பணிமனையில் ஓய்வு பெற்ற நம் பங்கு மக்களில் ஒருவர், தம் தந்தையின் இசைத்தட்டுகளைத் தகரப் பெட்டியில் கொண்டு வந்தார். இளமையில் தேர்த் திருவிழாக்களில் பேண்டு குழுவில் டிராம்போன் ஊதியவர் அவர். பெட்டியைக் கொடுத்தவர் ஒரே ஒரு தட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். 1951இல் வெளிவந்த 'அல்பேலா' என்னும் இந்திப் படத்தின் பாடல் அது.

“சாமி, இந்தப் பித்தளை வாத்தியத்தைக் கேட்டுத்தான் எனக்கு ஊத ஆசை வந்தது. ஊதினவர் யார் என்று அறுபது வயது வரைக்கும் தெரியவில்லை. தட்டில் பெயரே இல்லையே” என்றார்.

உண்மைதான். தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் படத்தின் பெயர் உண்டு, பாடியவர் பெயர் உண்டு, இசையமைப்பாளர் சி. இராமச்சந்திரா பெயர் உண்டு. (அவருக்கு இரு பெயர்கள்: இசையமைத்தால் இராமச்சந்திரா, பாடினால் சிதல்கர்.) வாசித்தவர் பெயருக்கு மட்டும் அந்த வட்டத்தில் இடமில்லை. அவர் கேள்விக்கு விடை தேடப் போய், நாம் ஒரு வாழ்க்கையையே கற்றோம்.

அந்தப் பாடல்களின் பின்னணியில் இருந்தவர் அந்தோனியோ சேவியர் வாஸ். மேடையில் அவர் பெயர் சிக் சாக்லெட். 1916இல் கோவாவின் அல்டோனா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1596இல் எழுப்பப்பட்ட தூய தோமையார் ஆலயம் அவ்வூரில் இன்றும் நிற்கிறது. ஒரு கோவா சிறுவன் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசைக்கு எவ்வாறு வந்தான் என்று கேட்போர், முதலில் கோவாவின் பங்குப் பள்ளிகளைப் பார்க்க வேண்டும்.

போர்த்துகீசியர் ஆட்சியில், 16ஆம் நூற்றாண்டு முதலே, கோவாவின் பங்குகளில் பள்ளிகள் தோன்றின. அங்கே 'மெஸ்த்ரி' எனப்பட்ட பாடகர்குழு ஆசிரியர், எழுத்தறிவோடு ஐந்து கோட்டு இசைக்குறிப்பையும் கற்பித்தார். வயலின் கற்பித்தார்; பாடற்பூசைக்கும் நவநாளுக்கும் குரல்களைப் பிரித்துப் பாடப் பழக்கினார். நோக்கம் திருவழிபாடு மட்டுமே. ஆயினும், தாளில் எழுதிய இசையைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் ஆற்றல் இந்தியாவின் வேறெந்தச் சிற்றூரிலும் இவ்வளவு பரவலாக இருந்ததில்லை. ஆங்கிலேயர் ஆண்ட நாள்களில் படைப் பேண்டுகளுக்கும், மௌனப் படக் கொட்டகைகளுக்கும், ஓட்டல்களுக்கும் தேவைப்பட்டது அந்த ஆற்றல்தான். கோவா இளைஞர்கள் மும்பைக்கு வந்தனர். 'கூடு' எனப்பட்ட ஊர்வாரியான விடுதிகளில் தங்கி, மாலையில் தம் ஊர்ப் பாதுகாவலரின் பீடத்தின் முன் செபமாலை சொல்லிவிட்டு, இரவில் நடன அரங்கில் வாசிக்கப் போயினர்.

இந்த இடத்தில் நம் குருமட நாள்கள் நினைவுக்கு வருகின்றன. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903இல் வெளியிட்ட ஆணை, ஆலயத்துக்குள் பியானோவையும் மேளத்தையும் விலக்கியது. பேண்டு குழுவையும் விலக்கியது. அந்த ஆணையின் உரைநடையை நாம் வியந்து படித்தோம். ஆனால், காலைத் திருப்பலியில் வயலின் வாசித்த அதே கைகள் இரவில் எதை வாசித்துப் பிழைத்தன என்ற கேள்வியை எந்த வகுப்பிலும் நாம் கேட்டதில்லை. அந்த இரவு வாழ்க்கையைக் குறித்து அன்று நமக்கு இருந்த இளக்காரம் இன்று நாணத்தைத் தருகிறது.

1935இல் லியோன் ஆபி என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் குழுவுடன் மும்பை தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்தார். பின்னர் பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு வந்தார்; இந்தியாவிலேயே தங்கி, 1945இல் கொல்கத்தாவில் காலராவால் மாண்டார். இவர்களிடமிருந்து கோவா இளைஞர்கள் தாளில் எழுதப்படாத ஒன்றைக் கற்றனர். மெட்டின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தந்த நொடியில் தம் மனம் போல் புதிதாய் வாசிப்பதே ஜாஸ். மனோதர்மத்தை அறிந்த நமக்கு இது அந்நியமன்று. கோட்டு இசையிலேயே வளர்ந்தவருக்கோ அது பெரும் துணிவு.

அத்துணிவு சிக் சாக்லெட்டிடம் நிறைய இருந்தது. உலகப் போருக்கு முன் ரங்கூனில் வாசித்தார். பிறகு மும்பையில் சொந்தக் குழு அமைத்துத் தாஜ் ஓட்டலில் நிலைபெற்றார். அவருடைய வாத்தியம் டிரம்பெட். நம் விவிலியம் எக்காளம் என்று சொல்லும் இனம். டிராம்போன் அதற்கு அண்ணன். குழாயை நீட்டிச் சுருக்கிச் சுரத்தைப் பிடிக்க வேண்டும். அவருக்கு ஆதர்சம் லூயி ஆம்ஸ்ட்ராங். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1901இல் வறுமையில் பிறந்து, சிறார் சீர்திருத்த இல்லத்தில் வாத்தியம் பழகிய மேதை அவர். ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் கைக்குட்டையையும்கூட சிக் பின்பற்றினார். 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்று மக்கள் அழைத்தனர். பாராட்டுத்தான், ஆனாலும் அந்தப் பட்டத்திலும் அவருடைய சொந்தப் பெயர் இல்லை.

1940களில் 'மியூசிக் மேக்கர்ஸ்' என்ற தம் குழுவுடன் அவர் ஜாஸ் இசைத்தட்டுகள் பதிவு செய்தார். அரக்கினால் ஆன 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். இரவெல்லாம் அரங்கில் விரித்து வாசித்ததை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். அத்தட்டுகளில் அவர் பெயர் இருந்தது. வாங்கியவர் பெருநகரங்களில் நடனம் அறிந்த சிறு வட்டத்தினர். நாடெங்கும் வீட்டுக்கு வீடு ஒலித்த திரைப்படத் தட்டுகளிலோ அவர் மூச்சு இருந்தது, பெயர் இல்லை. அவருடைய பதிவு வாழ்க்கை முழுவதையும் இந்த முரணில் அடக்கிவிடலாம்.

திரைத்துறைக்கு அவர்கள் வந்ததற்கு வயிறும் ஒரு காரணம். மும்பை மாகாண மதுவிலக்குச் சட்டம் 1949இல் வந்தபின் ஓட்டல் அரங்குகளின் வருவாய் குன்றியது. திரைப்படப் பதிவுக் கூடங்களில் நாள்கூலி உடனே கிடைத்தது. அங்கு நடந்த முறையை அறிந்தால் வியப்பு உண்டாகும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். கோவா இசைக்கோவையாளர் அதைக் கோட்டுக்குறிப்பில் எழுதி, வயலினுக்கு இது, டிரம்பெட்டுக்கு இது, டிராம்போனுக்கு இது என்று பகிர்ந்து, இடையிசையையும் கோத்துத் தருவார். ஐம்பது பேர் ஒரே மூச்சில் வாசிக்க அந்தத் தாள்களே ஆதாரம். சங்கர் ஜெய்கிஷனுக்குச் செபஸ்தியான் டிசோசா இப்பணியைச் செய்தார். இராமச்சந்திராவுக்கு சிக் சாக்லெட். தமிழிலும் மெல்லிசை மன்னருக்கு ஜோசப் கிருஷ்ணாவும் ஹென்றி டேனியலும் துணை நின்றதைப் பழைய படங்களின் எழுத்தோட்டத்தை ஊன்றிப் பார்ப்போர் அறிவர்.

இராமச்சந்திராவை வடநாட்டவர் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அவர் முதலில் இசையமைத்தவை 'ஜெயக்கொடி', 'வனமோகினி' என்னும் தமிழ்ப் படங்களே. 1941இல் வந்த 'வனமோகினி'யை இயக்கிய பகவான்தான் பத்தாண்டுகளுக்குப் பின் 'அல்பேலா'வை இயக்கி, அதில் நடித்து, ஆடியவர். அந்தப் படத்தின் ஒரு நடனக் காட்சியில் சிக் சாக்லெட்டும் அவர் குழுவினரும் மடிப்பு மடிப்பான கியூபா நாட்டுச் சட்டை அணிந்து திரையிலேயே தோன்றுகின்றனர். முகத்தைக் காட்டினார்கள்; தட்டில் பெயரைப் போடவில்லை. வானொலியிலும் அப்படித்தான். இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்லி முடித்ததும் பாட்டு தொடங்கிவிடும்.

பேராசையினால் மட்டும் விளைந்த அநீதி இது என்று நாம் கருதவில்லை. நாள்கூலிக்கு வாசிப்பவரைக் கொத்தனாரைப் போல எண்ணும் பழக்கமே வேர். கட்டடத்தின் கல்வெட்டில் கொத்தனார் பெயரை யார் பொறிக்கிறார்கள்? நம் ஆலயங்களின் அடிக்கல்லிலும் ஆயர் பெயரும் பங்குத்தந்தை பெயரும்தானே உள்ளன. சட்டமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், வாசிப்பவருக்கென்று தனி உரிமை எதுவும் இல்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது இடம்பெற்றது. சிக் சாக்லெட் 1967 மே மாதத்திலேயே, 51ஆம் வயதில் இறந்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'ஆக்ரி கத்' படத்தில் இரவு விடுதிக் காட்சி ஒன்றில் டிரம்பெட்டோடு நிற்பவர் அவரே.

ஒரே ஒரு பெயர் மட்டும் வேறு வழியில் தப்பியது. கோவாவின் மஜோர்டா ஊர்க்காரர் அந்தோனி கொன்சால்வஸ் வயலின் கலைஞர். அவரிடம் பயின்ற பியாரிலால், 1977இல் வந்த 'அமர் அக்பர் அந்தோனி' படத்தின் பாடல் ஒன்றில் ஆசானின் பெயரையே கதாநாயகன் வாயில் ஒலிக்கச் செய்தார். நாடே அந்தப் பெயரைப் பாடியது. அது உண்மையாகவே ஒரு மனிதரின் பெயர் என்று பாடியவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்!

இவற்றையெல்லாம் நாம் அந்தப் பெரியவரிடம் சொன்னோம். இடைமறிக்காமல் கேட்டார். “சாமி, எங்கள் பேண்டு குழுவில் பதினோரு பேர். தேர் நோட்டீசில் 'பேண்டு வாத்தியம் முழங்க' என்று மட்டும்தான் போடுவார்கள்” என்றார். அந்த நோட்டீசுகளில் சிலவற்றை அச்சுக்குக் கொடுத்தவர் நாமே. அவர் சொல்லிக் காட்டவில்லை; நினைவுகூர்ந்தார், அவ்வளவே.

பிறகு நம் மேசையிலிருந்து பென்சில் ஒன்றை எடுத்து நீட்டினார். தட்டின் காகித உறையில், 'அந்தோனியோ சேவியர் வாஸ், அல்டோனா' என்று நாம் எழுதிக் கொடுத்தோம். அவர் அதை இருமுறை வாய்விட்டுப் படித்தார். மறுநாள் காலை விருத்தாசலம் பேருந்தில், மற்ற மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டு, அந்தத் தட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.