மாத்தளை மலைகளும் சிவப்பு வண்டியும்

பத்திரிகைப் பணிமனையில் சில வாக்கியங்கள் எழுதப்படுவதில்லை. அச்சு வார்ப்புகளைப் போல எடுத்து வைக்கப்படுகின்றன. “மின் ஒழுக்கே தீ விபத்துக்குக் காரணமெனத் தெரியவருகிறது” என்பது அவற்றுள் ஒன்று. “பிரதேசவாசிகளும் தீயணைப்புப் படையினரும் இணைந்து தீயைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தனர்” என்பது மற்றொன்று. மலையகத்து லயத்தீச் செய்திகளை ஆண்டுக்கணக்கில் செப்பனிட்ட எனக்கு, இந்த இரண்டாவது வாக்கியத்தின் மீது எப்போதும் ஓர் ஐயம் உண்டு. “இணைந்து” என்ற அந்தச் சொல் பல வேளைகளில் மரியாதைக்காகச் சேர்க்கப்படுவதே. வண்டி வந்து சேர்கையில் எரிய வேண்டியது எரிந்து முடிந்திருக்கும்.

இதற்குத் தீயணைப்பு வீரர்களைக் குறைகூறுவது நியாயமன்று. இலங்கையில் தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. 110 என்ற இலக்கத்தை அழைத்தால் வருவது ஏதோவொரு நகரத்தின் வண்டி. மாத்தளை மாவட்டத்தில் மாத்தளை, தம்புள்ளை ஆகிய இரண்டுமே மாநகர சபைகள். இரண்டும் ஏ9 வீதியில், ஒன்றிலிருந்து மற்றொன்று ஏறக்குறைய 45 கிலோமீற்றர் தொலைவில் உள்ளன. தோட்டங்களோ அந்த வீதியை விட்டு விலகி, இரத்தோட்டை, எல்கடுவ போன்ற மலைப்பக்கங்களில் ஏறிக் கிடக்கின்றன.

தீயணைப்பு வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்வைக்கு அது கம்பீரமானது; இயல்பில் அது தண்ணீர் சுமக்கும் ஒரு பாரவண்டி. ஆயிரம் கலன் கொள்ளும் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே நான்கரைத் தொன். தாங்கி முழுதாக நிறைந்திருந்தாலும் ஓரளவு தொல்லையில்லை. முற்றாக வெறுமையாக இருந்தாலும் தொல்லையில்லை. அரைகுறையாக இருக்கும்போதுதான் ஆபத்து. வளைவில் திரும்புகையில் நீர் ஒருபக்கமாக அள்ளுண்டு போய் மோத, உயரமான அந்த வண்டி அதே பக்கம் சாயும். இதற்காகவே தாங்கிக்குள் தடுப்புத் தகடுகள் பொருத்துகிறார்கள். நெடுந்தூரம் இறங்கும் பாதையில் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழப்பது இன்னொரு வில்லங்கம். உலகெங்கும் தீயணைப்பு வீரர்கள் தீயில் மட்டும் மாள்வதில்லை. தீயை நோக்கி விரையும் வழியில் வண்டி கவிழ்ந்தும் மாள்கிறார்கள். சைரன் ஒலிக்கும்போது சாரதியின் கால் தன்னையறியாமல் அழுத்தும் என்பதால், வேகத்தை அடக்குவதே அவருக்கு அளிக்கப்படும் முதற்பாடம். இத்தகைய வண்டியைக் கொண்டைஊசி வளைவுகள் நிறைந்த தோட்டப் பாதையில் மெதுவாகத்தான் ஓட்ட முடியும். மெதுவாக ஓட்டினால் லயம் எரிந்துவிடும். இந்த முரணுக்கு இன்றுவரை விடையில்லை.

லயம் ஏன் அவ்வளவு விரைவில் எரிகிறது? அதற்கு விடை கோப்பிக் காலத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த கூலியாட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் மடிந்தோர் பலர். எஞ்சி வந்தவர்களைத் தங்கவைக்கப் படைமுகாம் மாதிரியில் நீண்ட வரிசைக் கட்டடங்கள் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. சில இடங்களில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசை. எல்லாவற்றுக்கும் ஒரே மரச்சட்டக் கூரை, மேலே தகரம். பல லயங்களில் அறைகளுக்கிடையிலான சுவர் கூரைவரை எட்டுவதில்லை. அந்த இடைவெளியூடாகத்தான் அடுத்த வீட்டுப் பேச்சும் வரும், புகையும் வரும், தீயும் வரும். அடுப்புக்குமேல் காய்வதற்காக அடுக்கிய விறகு, பின்னாளில் அக்கூரையின் கீழ் இழுக்கப்பட்ட மின்கம்பிகள். ஒரு குடும்பத்தின் தீ இருபது குடும்பங்களின் தீயாவதற்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே தோட்டத்து மக்கள் தமக்கென ஒரு தீயணைப்பு முறையை வைத்திருந்தார்கள். காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பும் தப்பு நேரந்தவறி ஒலித்தாலோ, தொழிற்சாலைச் சங்கு விட்டுவிட்டு ஊதினாலோ அது ஆபத்தின் அறிகுறி. பீலிக்கரையிலிருந்து வாளிகள் கைமாறும். ஈரச்சாக்கைக் கொண்டு சுவாலையை அடிப்பார்கள். துணிந்த இளைஞர்கள் கூரையேறி, இன்னும் தீப்பற்றாத அறையின் தகரத்தைப் பிடுங்கி, மரச்சட்டத்தை வெட்டி வீழ்த்துவார்கள். எரியாத வீட்டை இடித்தால்தான் தீக்கு அப்பால் செல்ல வழியிராது. 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் எடோ நகரத்துத் தீயணைப்பாளர்களும் இதையேதான் செய்தார்கள். கொக்கிகளால் வீடுகளை இழுத்துச் சாய்ப்பதே அவர்களது தலையாய தொழில். எந்த நூலையும் படிக்காமல் மாத்தளைத் தோட்டக்காரன் அதே முடிவுக்கு வந்திருக்கிறான்! இன்று நம் உள்ளூராட்சி மன்றங்கள் சிலவற்றில் ஓடுவது ஜப்பானில் ஓடி ஓய்ந்த வண்டிகள் என்பது வேறு கதை.

தொழிற்சாலைகளின் நிலை சற்று வேறு. றப்பர் புகைக்கூடத்தில் பால் தகடுகள் சூடேறி அடுப்பில் விழுந்தால் தீதான். அங்கே மணல் வாளியும் காவலாளியும் கட்டாயம். சொத்துக்குக் காப்புறுதி உண்டல்லவா! லயத்துக்கு யார் வைத்தார்கள் மணல் வாளி?

எல்லாத் தீயும் அடுப்பிலிருந்து பிறப்பதில்லை. 1848 கிளர்ச்சியின்போது அலுவிகாரை விகாரையின் ஏட்டு நூலகம் ஆங்கிலப் படையால் அழிந்தது. திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்குதான் ஏட்டிலேற்றப்பட்டது என்பது பௌத்த மரபு. 1983 ஜூலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் நகரத் தமிழரின் கடைகளும் தீக்கு இரையாயின. அத்தகைய தீயை எந்த வண்டியின் நீரும் அணைப்பதில்லை.

வறட்சிக் காலத்தில் நக்கிள்ஸ் மலைச்சரிவுகளில் மானாப்புல் பற்றியெரிவதும் வண்டிக்கு எட்டாத தீயே. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது. இங்கே தீக்கோடு வெட்டுவதும் பச்சைக் கிளைகளால் அடிப்பதுமே இன்றும் முதல் வழி.

பிரதேச சபைகள் ஏன் தோட்டங்களுக்கு உதவவில்லை என்று கேட்பவர்களுக்குச் சட்டத்தையும் காட்ட வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காரணங்காட்டி, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இயலாது என்ற நிலை 2018இல் திருத்தம் வரும்வரை நீடித்தது. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவுசெய்யலாம். ஒரு பாதையையோ நீர்க்குழாயையோ கேட்க முடியாது. முப்பதாண்டுகளுக்கு மேல் இப்படியிருந்தது.

அண்மைய ஆண்டுகளில் ஏழு பேர்ச் நிலத்தில் தனித்தனி வீடுகள் எழுந்துள்ளன. அவற்றில் ஒரு வீடு எரிந்தால் ஒரு வீடே எரியும். ஆனால் பழைய லயங்களில் இன்னமும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதே ஒற்றைக் கூரையின் கீழ் உறங்குகின்றன. அவர்களுள் பலருடைய வீட்டுக்கு மேலேறும் பாதையில் முச்சக்கரவண்டிகூடச் சிரமப்பட்டே ஏறும்.