யூதர்களின் மூன்றாம் ஆலயம்: கல்லா, மனமா?

கொடுமுடிக்குச் சற்றுத் தெற்கே நொய்யல் ஆறு காவிரியில் கலக்கிறது. அந்த நொய்யலின் கரையோடு மேற்கே போனால் கொடுமணல் வரும். சங்க காலத்தில் கல்மணிகளுக்கும் இரும்புக்கும் பேர் பெற்ற ஊர் அது. மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகத்துக்கு வந்த ரோமானிய வணிகம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டைக் கடந்து கரூர் வரை சென்றது. வெள்ளலூரிலும் கரூரிலும் கிடைத்த ரோமானிய நாணயங்கள் இதற்குச் சாட்சி. அவற்றில் வெள்ளி நாணயத்தின் பெயர் தினாரியஸ்.

இதே தினாரியஸ் யூதர்களின் துயர வரலாற்றிலும் வருகிறது. கி.பி. 70-இல் ரோமானியத் தளபதி டைட்டஸின் படை ஜெருசலேமில் இருந்த யூதர்களின் ஆலயத்தை எரித்து அழித்தது. அதுவரை வயது வந்த ஒவ்வொரு யூத ஆணும் ஆண்டுக்கு அரை ஷெக்கல் ஆலயத்துக்குக் காணிக்கை அனுப்பி வந்தான். ஆலயம் போன பிறகும் அந்தப் பணம் நிற்கவில்லை. தலைக்கு இரண்டு தினாரியஸ் வீதம் ரோம் நகரின் ஜூபிடர் கோவிலுக்குக் கட்ட வேண்டும் என்று பேரரசர் வெஸ்பாசியன் வரி விதித்தார். தன் கோவிலை இழந்தவன், இடித்தவனின் கோவிலுக்கு வரி கட்டினான்.

அழிந்தது இரண்டாம் ஆலயம். சாலமோன் கட்டிய முதல் ஆலயத்தைக் கி.மு. 586-இல் பாபிலோனியர் அழித்தனர். இரண்டாவது கி.மு. 516 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டது. மூன்றாவது ஆலயம் ஒன்று வரும் என்பது யூதர்களின் நம்பிக்கை. அது எப்படி வரும் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

எசேக்கியேல் கண்ட கோவில்

முதல் ஆலயம் அழிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கி.மு. 573 வாக்கில், பாபிலோனில் சிறைப்பட்டிருந்த தீர்க்கதரிசி எசேக்கியேல் ஒரு காட்சி கண்டார். கையில் நூலும் அளவுகோலும் கொண்ட ஒருவர் புதிய ஆலயத்தை அவருக்குச் சுற்றிக் காட்டுகிறார். வாயில், மதில், அறை, பலிபீடம் என்று ஒவ்வொன்றும் முழக்கணக்கில் அளக்கப்படுகிறது. ஸ்தபதி போட்ட வரைபடம் போலவே இருக்கிறது. ஆனால் அதே காட்சியில் ஆலய வாசற்படியின் கீழிருந்து நீர் ஊற்றெடுக்கிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறி, கடக்க முடியாத ஆறாகி, சாக்கடலில் விழுந்து அதன் உப்பு நீரையே நன்னீராக்குகிறது. இப்படி மண்ணும் விண்ணும் கலந்துதான் எதிர்கால ஆலயம் முதலில் சொல்லப்பட்டது.

இரண்டாம் ஆலயம் கட்டியவர்கள் இந்த அளவுகளை முழுவதுமாகப் பின்பற்றவில்லை. எனவே அது இனி வரப்போகும் ஆலயத்தின் வரைபடம் என்று பிற்கால ஆசிரியர்கள் கொண்டனர். இடிந்து கிடக்கும் ஆலயத்தின் அளவுகளைப் படிப்பதால் என்ன பயன் என்ற கேள்விக்கு, படிப்பதே கட்டியதற்குச் சமம் என்று கடவுள் சொன்னதாக மித்ராஷ் என்னும் விளக்க நூலில் ஒரு செய்தி உண்டு.

தமிழருக்கு இது புதிதல்ல. திருநின்றவூர்ப் பூசலார் கையில் பொருளின்றி மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, தூபி நட்டு, நாள் குறித்ததைப் பெரிய புராணம் சொல்கிறது. காஞ்சியில் கற்கோவில் எழுப்பிய பல்லவ மன்னனிடம், குடமுழுக்கை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லிவிட்டுச் சிவன் பூசலாரின் கோவிலுக்குப் போனார்.

கையால் கட்டுவதா, வானிலிருந்து வருவதா?

பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040-1105), மூன்றாம் ஆலயம் முழுமையாகக் கட்டப்பட்ட நிலையில் வானிலிருந்து இறங்கும் என்றார். எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் (1138-1204) இதற்கு மாறாக, மெசியா என்னும் அரசரே அதைக் கட்டுவார் என்று எழுதினார். ஆலயத்தின் அமைப்பையும் அளவையும் அவர் சட்ட நூலாகவே தொகுத்து வைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் யாக்கோப் எட்லிங்கர் இரண்டையும் இணைத்தார். மனிதர் கட்டுவது உடல், வானிலிருந்து இறங்குவது உயிர் என்றார். கல்தச்சர் முடித்த கட்டடம் கும்பாபிஷேகத்துக்குப் பிறகே கோவிலாகிறது என்று அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

இது வெறும் ஏட்டு விவாதம் அல்ல. ஆலயம் இருந்த மேட்டில் கி.பி. 691-692-இல் எழுந்த பாறைக் குவிமாடமும் அல் அக்ஸா மசூதியும் உள்ளன. 1967-க்குப் பிறகும் இஸ்ரேலின் தலைமை ரபிகள் யூதர்கள் அங்கே செல்வதைத் தடை செய்தனர். தூய்மைச் சடங்கு இன்றி, கருவறை இருந்த இடம் தெரியாமல் மிதித்துவிடக் கூடாது என்பது காரணம். வானிலிருந்து வரும் என்று நம்புகிறவர் காத்திருப்பார். கையால் கட்ட வேண்டும் என்கிறவர்கள் 1987-இல் ஒரு நிறுவனம் தொடங்கி, பொன் விளக்குத்தண்டு உட்பட ஆலயப் பொருட்களைச் செய்து வைத்துள்ளனர். ஒரு பழைய உரையை எப்படிப் படிப்பது என்பது இரு சமயத்தாரின் அமைதியோடு பிணைந்திருக்கிறது.

கொச்சியின் சிறிய ஆலயங்கள்

ஆலயம் இல்லாத காலத்தில் என்ன செய்வது? இடிபாடுகளைக் கண்டு அழுத தன் சீடரிடம், பலிக்கு ஈடாக நற்செயல்கள் இருக்கின்றன என்று ரபி யோகனான் பென் சக்காய் ஆறுதல் கூறினார். ஜெபக்கூடங்கள் 'சிறிய ஆலயங்கள்' எனப்பட்டன. அவற்றுள் சில நமக்கு மிக அருகில் இருந்தன.

ஆலயம் அழிந்த பின் தம் முன்னோர் முசிறிப் பகுதிக்கு வந்ததாகக் கொச்சி யூதர்கள் சொல்வார்கள். கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் கொடுத்த செப்பேடு வரிவிலக்கு, பகல் விளக்கு, பல்லக்கு, குடை முதலிய உரிமைகளைத் தருகிறது. அவர்களின் ஜெபக்கூடத்தில் முன்கூடத்துக்கு 'அசாரா' என்றும், வேதச்சுருள் பேழைக்கு 'ஹேகால்' என்றும் பெயர். இரண்டும் ஜெருசலேம் ஆலயத்தின் பகுதிகளுக்கு வழங்கிய பெயர்கள். பேழை மேற்குச் சுவரில், ஜெருசலேம் இருக்கும் திசையில் இருக்கும். நம் கோவில்களைப் போலவே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இஸ்ரேல் உருவான பிறகு 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். ஜெபக்கூடங்கள் ஆளின்றிப் போயின. 16-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபக்கூடத்தின் உள்ளமைப்பு 1990-களில் பிரித்து எடுக்கப்பட்டு ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. மட்டாஞ்சேரியில் எஞ்சிய கட்டடத்தின் முன்பகுதி 2019-இல் மழையில் இடிந்து விழுந்தது.

அயல்நாட்டு ஜெபக்கூடங்கள் எல்லாம் ஒருநாள் இஸ்ரேல் மண்ணில் வந்து சேரும் என்று தல்மூதில் ஒரு வாக்கு உண்டு. கடவும்பாகத்தின் மர வேலைப்பாடுகள் உண்மையாகவே போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் அங்கே அது காட்சிப் பொருள், தினசரி ஜெபம் நடக்கும் இடமல்ல. மேற்கு நோக்கி நின்று வேண்டியவர்களின் மனத்தில்தான் அத்தனை நூற்றாண்டுகளும் அந்த ஆலயம் இடியாமல் நின்றது. கல் வேண்டும் என்ற ஆசையை யூதர்கள் விடவில்லை, கல் வரும்வரை வழிபாட்டையும் நிறுத்தவில்லை. ஆலயம் போய் ஏறத்தாழ 1,950 ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் முழக்கணக்கு மறக்கப்படாமல் இருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.