கால் வேலியும் கணக்குப் பாடமும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் குடவோலைக் கல்வெட்டுகளைத்தான் தேடுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கணக்கு வாத்தியார் ஒருவர் அதே சுவரைப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று விளக்கத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை.

வேலிக்கு இருபது மா. கால் வேலி ஐந்து மா, அரைக்கால் வேலி இரண்டரை மா. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று தனித்தனியாகக் குழு வைத்து, வைரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரியைக் காத்து, வரியும் தண்ணீரும் பங்கிட்ட ஊர் இது. பின்னம் தெரியாமல் இங்கே ஒரு நாளும் ஓடியிருக்காது.

இந்தக் கணக்கைப் பிற்காலத்தில் பிள்ளைகளுக்குப் புகட்டியவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். உத்திரமேரூரை உள்ளடக்கிய செங்கல்பட்டு ஜில்லாவில் மட்டும் 508 பள்ளிகள் இருந்ததாகக் கலெக்டரின் அறிக்கை சொன்னது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அவர்களில் பெண்கள் 4,540 பேர்தான்.

அந்தத் திண்ணையில் என்ன நடந்தது? பையன் முதலில் மணலில் விரலால் எழுதுவான், கை பழகியபின் ஓலைக்குப் போவான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று வாய்பாடுகள் வரிசையாக வரும். நெல்லிலக்கத்தில் எண் தனியாக வராது, நெல்லோடுதான் வரும். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். எல்லாப் படிக்கும் பெருக்கம் ஒன்றல்ல. இதைத் தலைகீழாகவும் சொல்ல வேண்டும். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது யாரும் ஓலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் அல்லவா?

குழிமாற்று நிலத்துக்கான பெருக்கல். செங்கல்பட்டுச் சீமையில் 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. அந்த 24 அடி அளவில் வயலின் நீளம் 15, அகலம் 15 என்றால் 225 குழி. வாய் மூடுவதற்குள் ‘இரண்டே கால் காணி’ என்று பதில் வர வேண்டும். அந்தக் காணி இன்னும் சாகவில்லை. இந்தப் பக்கத்தில் மனை விற்கிறவர்கள் சொல்லும் ‘கிரவுண்டு’ 2,400 சதுர அடி. அப்படி 24 கிரவுண்டு சேர்ந்தால் பழைய காணி, 57,600 சதுர அடி. ஓலைச் சுவடிகளில் இதற்கு மேலும் பாடம் உண்டு. காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ வட்டமான நிலத்துக்கும் வழி வைத்திருக்கிறது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. இன்றைய பத்தாம் வகுப்பு மாணவி தன் சூத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்று கண்டுகொள்வாள்.

இதை வெறும் மனப்பாடம் என்று தள்ளிவிடுவது எளிது. வரலாற்றாசிரியர் செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட நூலில் அதை மறுக்கிறார். திண்ணையில் நினைவாற்றல்தான் கணக்குப் போடும் கருவி என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் திண்ணைக்குப் பொற்காலப் பட்டம் கட்டிவிடவும் கூடாது. நெல்லை அறுத்து அடித்துத் தூற்றியவர்களின் பிள்ளைகள், சேரிப் பிள்ளைகள், பெரும்பாலும் அந்தத் திண்ணையில் ஏறவே முடியவில்லை. அளக்கிறவன் கையில் மரக்காலும் கணக்குப்பிள்ளை கையில் ஓலையும் இருக்க, கூலிக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். கணக்குத் தெரியாதவர் எவ்வளவு இழந்தார் என்பதற்கு எந்த ஓலையிலும் கணக்கில்லை.

வெள்ளைக்காரர்கள் திண்ணையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டும் போனார்கள். பெரிய பையனே சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையும் மணலில் எழுதுவதும் சென்னை எழும்பூர் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல்லைக் கவர்ந்தன. அவர் 1797இல் லண்டனில் அதைப் பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலர் அந்த ‘மதராஸ் முறை’யில் படித்தார்கள். இங்கேயோ போக்கு மாறியது. அச்சிட்ட புத்தகம், கரும்பலகை, இன்ஸ்பெக்டர் என்று வந்தன. 1860களுக்குப் பிறகு, இன்ஸ்பெக்டர் முன் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்ப மானியம் என்ற முறையும் பரவியது. தேர்வுக்காகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அங்கேயே வேர்விட்டது. இதில் மனப்பாடம் போய்விடவில்லை; நெல்லும் நிலமும்தான் போயின.

மிச்சமிருந்ததை 1957 ஏப்ரல் 1 முடித்துவைத்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. எண்சுவடியில் பின்னமாக வரும் மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. ரூபாயில் மாகாணி ஓர் அணா. அன்று முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆனது. கிலோவும் லிட்டரும் பின்தொடர்ந்தன. கணக்கு எளிதாயிற்று, தாத்தாவின் வாய்பாடு பேரனுக்கு உதவாமலும் போயிற்று. ஆனால் அதே காலத்தில்தான் மதிய உணவோடு கிராமத்துப் பள்ளிகள் பெருகின; திண்ணையில் இடமில்லாதவர்களின் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எனவே இந்த மாற்றத்தைக் குறை சொல்ல மனம் வராது.

மனப்பாடமா, புரிதலா என்ற சண்டை அதோடு ஓயவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காக ஆர். ராமானுஜம் தலைமையில் கூடிய கணிதக் குழு, சூத்திரங்களை அடுக்குவதைவிடக் குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதன்மை என்றது. 2007 வாக்கில் தமிழக அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் செயல்வழிக் கற்றல் வந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் ஏணிப்படியில் முன்னேறினார்கள். சில பெற்றோருக்கு இது படிப்பாகவே தோன்றவில்லை. ‘வாய்பாடு ஒப்பிக்கச் சொல்லுங்க சார்’ என்றார்கள். கொரோனாவுக்குப் பின் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்தியது. வாய்பாடு கேட்ட பெற்றோரின் கோரிக்கையை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. ஏழாவது வாய்பாடு நாவில் இல்லாத பிள்ளை வகுத்தலில் திணறுவதை அவர்கள் வீட்டில் பார்க்கிறார்கள். வாய்பாடும் வேண்டும், அது எதை அளக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் அப்பா நிலத்தைச் சென்டில் சொல்கிறார், தரகர் கிரவுண்டில் சொல்கிறார், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கின்றன, பாடப்புத்தகம் சதுர மீட்டரில் கேட்கிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஏறக்குறைய நாற்பதரை சதுர மீட்டர். பின்னம், தசமம், விகிதம், பரப்பளவு எல்லாமே இந்த ஒரு மாற்றலுக்குள் வந்துவிடும். வகுப்பில் இதைச் செய்துபார்க்க ஒரு பட்டா நகலும், அளவு நாடாவும், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வயலும் போதும்.