மேகநாத சாகாவும் விண்மீன்களின் இயல்பும்

ஏழை மாணாக்கர்க்கு நம் சங்கத்தார் அளித்துவரும் உதவித்தொகை மிகச் சிறிது. அதனால் யாது பயன் விளையும் என்று வினவுவார் நம்மவருள்ளும் சிலர் உளர். அன்னார்க்கு விடையாகத் தக்க வரலாறொன்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அது, வங்க நாட்டில் எளிய குடியிற் பிறந்து, விண்மீன்களின் இயல்பை உலகறியச் செய்த மேகநாத சாகா என்னும் பேரறிஞரது வரலாறாம்.

சாகா 1893-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6-ஆம் நாள், டாக்கா நகரை அடுத்த ஒரு சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதர் சிறு மளிகைக் கடை வைத்து வாழ்ந்தவர். மக்கள் எண்மருள் ஐந்தாமவர் நம் சாகா. தொடக்கக் கல்வி முடிந்தபின் மேலே படிக்கப் பள்ளி அவ்வூரில் இல்லை. சில கல் தொலைவிலிருந்த ஊரில் மருத்துவர் ஒருவர் தம் இல்லத்தில் உணவும் உறையுளும் தந்தார். சிறுவர் தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவியும், அவ்வீட்டுப் பசுவைப் பேணியும் கல்வி பயின்றார். தேர்விற் சிறந்து, அரசாங்க உதவித்தொகை பெற்று, 1905-இல் டாக்கா நகரப் பள்ளியிற் சேர்ந்தார்.

அவ்வாண்டே வங்கப் பிரிவினை நிகழ்ந்தது. ஆளுநர் வருகையைப் புறக்கணித்த மாணாக்கருள் ஒருவராக எண்ணப்பட்டுச் சாகா பள்ளியினின்றும் நீக்கப்பட்டார்; உதவித்தொகையும் போயிற்று. அப்போது அவரைத் தாங்கியவை இரண்டு. சணல் ஆலையிற் பணிபுரிந்த தமையனார் தம் சிறு சம்பளத்தினின்றும் திங்கள்தோறும் அனுப்பிய ஐந்து ரூபாய் ஒன்று. கீழை வங்க வைசிய சமிதியார் திங்கள்தோறும் ஈந்த இரண்டு ரூபாய் மற்றொன்று. அன்பர்காள்! நம்முடையதைப் போன்ற ஒரு சங்கம் அளித்த அவ்விரண்டு ரூபாயை மறவாதிருங்கள்.

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார். சத்தியேந்திரநாத போசு அவருடன் பயின்றார். ஆண்டு மாணவர் விடுதியில், உயர்குலத்தோர் எனத் தம்மைக் கருதிய சிலர் சாகாவுடன் ஒரு பந்தியில் அமர்ந்துண்ண மறுத்தனர். ஒரு சாதியாரின் சங்கம் அவர்க்குச் சோறிட்டது. சாதிச் செருக்கே அவர் இலையைத் தனியே பிரித்தும் இட்டது. இவ்விரண்டும் ஒருவர் வாழ்விலே நிகழ்ந்தன என்பதை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும்.

பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயினார். ஒளியின் அழுத்தத்தைப் பற்றி நெடிய கட்டுரையொன்று வரைந்து அமெரிக்க வானியல் இதழுக்கு விடுத்தார். அச்சுச் செலவின் ஒரு பகுதியை எழுதியவரே ஏற்றல் வேண்டும் என்று விடை வந்தது. அதற்குரிய பொருள் அவரிடம் இல்லை. ஆயினும் அவர் ஊக்கம் தளர்ந்திலர். 1920-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியே அவரை உலகிற்கு அறிவித்தது.

அவ்வாராய்ச்சி யாதெனின், கூறுதும். விண்மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியாற் பிரித்தால், நிறங்களினூடே கரிய கோடுகள் தோன்றும். அக்கோடுகள் விண்மீன்தோறும் வேறுபடும். சிலவற்றில் ஹைட்ரஜன் கோடுகள் மிகுந்திருக்கும். சிலவற்றில் உலோகங்களின் கோடுகள் மிகுந்திருக்கும். இவ்வேறுபாட்டின் காரணம் அதுகாறும் தெளிவாக விளங்கவில்லை.

நீர் ஆவியாதல் வெம்மையையும் அழுத்தத்தையும் பொறுத்ததன்றோ? அதுபோலவே, ஓர் அணு தன்னிடமுள்ள எலக்ட்ரானை இழத்தலும் அவ்விரண்டையும் பொறுத்தது எனச் சாகா கண்டார். வெம்மை மிகினும், அழுத்தம் குறையினும், எலக்ட்ரானை இழந்த அணுக்கள் பெருகும். எலக்ட்ரானை இழந்த அணு காட்டும் கோடுகள் வேறு. இழவாத அணு காட்டும் கோடுகள் வேறு. ஆகவே விண்மீன்களின் கோடுகள் வேறுபடுதற்குத் தலையாய காரணம் பொருள் வேறுபாடன்று, வெம்மை வேறுபாடே என்பது போதரும். இதனை அவர் கணக்கால் நிறுவிய சமன்பாடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

கொள்கை மெய்யாயின் காட்சியொடு பொருந்துதல் வேண்டும். சூரியனின் பரப்பிற் காணப்படாத ருபிடியம் என்னும் உலோகம், வெம்மை குறைந்த சூரியப் புள்ளிகளிற் காணப்படலாம் எனச் சாகா முன்னுரைத்தார். அமெரிக்க வானியலார் ரசல் அதனை அங்கே கண்டனர். இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஆராய்ந்த செசிலியா பெயின் என்னும் பெண்மணியார், 1925-இல் சாகாவின் சமன்பாட்டைக் கருவியாகக் கொண்டு, விண்மீன்களிற் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமுமே என்னும் முடிவிற்கு வந்தார். முதலில் அதனை ஏலாத ரசலும் 1929-இல் உடன்பட்டார். விண்மீன்களின் உள்ளமைப்பை இன்று நாம் அறிந்திருக்கும் அறிவிற்கு இஃது ஓர் அடிப்படையாம்.

சாகா 1923-இல் அலகாபாத்திற் பேராசிரியராயினார். 1927-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1952-இல் மக்களின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் புகுந்தார். நாட்டின் பஞ்சாங்கத்தைச் சீர்திருத்த அமைத்த குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1956 பிப்ரவரி 16-இல் டில்லியில் இவ்வுலகு நீத்தார்.

இரண்டு ரூபாய் ஈந்த அச்சமிதியார், தாம் விண்மீன் ஆராய்ச்சிக்கு உதவுவதாக எண்ணியிரார். ஓர் ஏழைச் சிறுவனின் படிப்பு நின்றுவிடலாகாது என்றே எண்ணியிருப்பர். நாமும் அவ்வளவே எண்ணினாற் போதும். நம் கல்வி நிதிக்குச் சிறிதாயினும் தவறாது ஈவோமாக. அதனோடு, நம் பிள்ளைகள் பயிலும் இடத்தில், எக்குலத்துப் பிள்ளையின் இலையையும் பிரித்திடாதிருக்க அவர்களுக்குக் கற்பிப்போமாக. முன்னது மட்டும் செய்து பின்னதை விடுவோமாயின், நாம் செய்த அறம் பாதியே என்க.