திருக்கை மீனும் தசையின் மின்சாரமும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதி, கரையை அதிகம் விட்டு விலகாமல் வடக்கு நோக்கிச் செல்கின்றது. அவ்வீதியில் விடத்தல்தீவை அடையுமுன் எதிர்ப்படும் ஊர் பாப்பாமோட்டை. ஒரு பக்கம் கட்டுக்கரைக் குளத்தை நம்பிய மாந்தைப் பகுதியின் வயல்கள். மறுபக்கம் ஆழமற்ற சேற்றுக் கடல். தசை நோயை அறியும் இன்றைய வைத்திய யந்திரத்திற்கும், கையிழந்தவனுக்குப் பொருத்தும் மின்கைக்கும் மூலத்தைத் தேடுவோர், ஐரோப்பிய ஆய்வுகூடங்களுக்குச் செல்லுமுன் இத்தகைய கடலைச் சற்றே நோக்குதல் தகும்.

பாக்கு நீரிணைப் பகுதியிலும் மன்னார் வளைகுடாவிலும் மணலுக்குள் புதைந்து கிடக்கும் சிறு திருக்கை ஒன்றுண்டு. அதை மிதித்தாலும் பிடித்தாலும் கைகால் விறைத்துப் போகும். தரங்கம்பாடியில் கிடைத்த மீனைக் கொண்டு 1801ஆம் ஆண்டில் பிளாக், ஷ்னைடர் என்னும் ஜெர்மானியர் இருவர் நூலில் இதன் ஓர் இனம் பதிவாயிற்று. இதன் வேறோர் உறவினம் மத்தியதரைக் கடலில் வாழ்வது. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் உரோம வைத்தியர், தீராத தலைவலிக்கும் மூட்டுநோய்க்கும் உயிருள்ள இம்மீனைக் கொண்டு சிகிச்சை செய்யுமாறு எழுதி வைத்தார். நோயாளி பட்ட பாடு எத்தகையதோ!

இவ்விறைப்பை உண்டாக்குவது குளிரா, நஞ்சா, மீனின் விரைந்த அடியா என்று பல நூற்றாண்டு காலம் வாதம் நடந்தது. 1772இல் ஜான் வால்ஷ் என்னும் ஆங்கிலேயர் பிரான்சின் லா ரொஷேல் நகரில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, மீனின் அதிர்ச்சி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பாய்வதைக் காட்டி, அது மின்சாரமே என்று நிறுவினார். நான்கு ஆண்டுகளின் பின் கவெண்டிஷ் மரத்தாலும் தோலாலும் ஒரு செயற்கைத் திருக்கையைச் செய்து உப்புநீரில் இட்டு, அதே அதிர்ச்சியை உண்டாக்கினார். 1800இல் தாம் படைத்த மின்கல அடுக்கை வோல்ட்டா செயற்கை மின்னுறுப்பு என்றே வருணித்தார். ஆகவே நாம் இன்று கைவிளக்கில் இடும் மின்கலத்திற்கும் இம்மீன் ஒருவகையில் மூதாதை.

மீனின் அவ்வுறுப்பு யாது? தசையே அது. வளர்ச்சிப் போக்கில் சுருங்கும் ஆற்றலை இழந்து, மின்சாரத்தை மட்டும் வைத்துக்கொண்ட தசை. மெல்லிய தட்டுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் தருவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரிய இனங்களில் அவை ஒன்றுசேர்ந்து 50 வோல்ட்டுக்கு மேலும் எழும். மனிதன் கையை மடக்கும்போதும் இதே செயல் நிகழ்கின்றது. ஆனால் நமது தசைநார்கள் அடுக்காக நின்று ஒரே கணத்தில் முழங்குவதில்லை. தோலின்மேல் வந்து சேர்வது ஒரு வோல்ட்டின் ஆயிரத்திலொரு பங்கு அளவான மெல்லிய சலனமே.

அச்சலனத்தை மனித உடலில் முதலில் கண்டவர் பெர்லின் நகரத்து டு புவா ரேமோன். காலம் 1849. தாமே பல்லாயிரம் சுற்றுக் கம்பி சுற்றிய மின்மானி ஒன்றை அமைத்து, இரு கைகளையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் இட்டு, ஒரு கையை மாத்திரம் இறுக்கினார், ஊசி அசைந்தது. தோல் தடையாக நிற்பதை உணர்ந்தவர், கொப்புளம் எழுப்பும் மருந்தைப் பூசித் தோலை நீக்கிவிட்டு மீண்டும் அளந்தார். விஞ்ஞானத்திற்காகத் தோலுரித்துக்கொள்வது என்பது அவர் வரையில் வெறும் சொல்லலங்காரம் அன்று.

1929இல் ஏட்ரியன், பிராங்க் என்னும் இருவர், நுண்ணிய ஊசிக்குள் கம்பியைச் செலுத்தித் தசைக்குள்ளேயே அதைப் பதித்து, கிடைத்த மின்னலையைப் பெருக்கி ஒலிபெருக்கியில் கேட்டனர். வானொலியை உண்டாக்கிய அதே வால்வுகள் தசையையும் பேச வைத்தன. இன்றும் நரம்பியல் வைத்தியர் திரையைப் பார்ப்பதோடு செவியாலும் நோயை அறிகின்றார். நலமுள்ள தசை ஓய்வில் மௌனமாயிருக்கும். நரம்பு அறுந்த தசையோ, சில வாரங்களில், கிடுகுக் கூரையில் அன்று, தகரக் கூரையில் விழும் தூறல்போல் சடசடக்கத் தொடங்கும். அந்தச் சடசடப்பு வேறு, தோலின்மேல் கண்ணுக்குத் தெரியும் துடிப்பு வேறு என்பதை 1938இல் டெனி பிரௌன், பென்னிபேக்கர் என்போர் பிரித்துக் காட்டினர். கைகால் தளர்ந்து வருபவனுக்குக் குற்றம் நரம்பிலா தசையிலா என்று சொல்வதற்கு இது பெரிதும் துணையாயிற்று.

இனி, கையிழந்தவன் கதை. முன்கையின் பாதி போனாலும் எஞ்சிய தசை தன் வேலையை மறப்பதில்லை. விரலை மடக்க எண்ணினால், இல்லாத விரலுக்கும் கட்டளை வந்து சேரும். தசை மின்சாரம் காட்டும். இதைப் பயன்படுத்தி ஜெர்மனியில் ரைட்டர் செய்த மின்கை 1948இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆயினும் வால்வுகளின் பருமனால் அது மேசையைவிட்டு நகரவில்லை. டிரான்சிஸ்டர் வந்தபின் மாஸ்கோவில் கோப்ரின்ஸ்கியும் தோழர்களும் அணியத்தக்க கையை உருவாக்கினர். 1960இல் அங்கு கூடிய மாநாட்டில் கையற்ற சிறுவன் ஒருவன் அத்தகைய கையால் சுண்ணக்கட்டியைப் பற்றிப் பலகையில் எழுதினான்.

இதில் கடினமான பகுதி விரலுமன்று, மோட்டாருமன்று. ஓசையிலிருந்து பொருளைப் பிரிப்பதே. வீட்டு மின்கம்பியின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும், வியர்வையும், அசையும் தோலும் குறுக்கிடும். அவற்றை வடித்து, அலையின் கீழ்ப்பகுதியை மேலாக மடித்து, சீராக்கி, குறித்த அளவைத் தாண்டும்போது மட்டும் கை மூடும்படி செய்தல் வேண்டும். 2002இல் சிகாகோவில், அறுந்த கை நரம்புகளை மார்புத் தசையில் இணைத்து அங்கிருந்து கட்டளையைப் பெறும் முறையும் கைகூடிற்று.

பாப்பாமோட்டைப் பக்கத்து மக்களுக்கு இக்கதை அயலானது அன்று. 2008இன் நடுவில் போர்முனை இவ்வீதி வழியே வடக்கு நோக்கி நகர்ந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின்னும் மன்னார் மாவட்டத்து நிலத்தில் கண்ணிவெடி அகற்றுவோர் பல்லாண்டு பாடுபட்டனர். மிதிவெடி பெரும்பாலும் காலையே பறிக்கும். ஆதலால் 1968இல் பிறந்த ஜெய்ப்பூர்க் கால் இங்கு மின்கையைவிடப் பெரிதும் பயன்பட்டது. யாழ்ப்பாணத்தில் அதற்கென ஒரு நிலையம் 1987இலேயே தொடங்கிற்று. ரப்பரும் மரமும் கொண்ட அக்கால் வயற்சேற்றில் நடக்கும். மின்கலத்தையும் மோட்டாரையும் கொண்ட கை உப்புநீரை அஞ்சும். வலை இழுப்பவனுக்குக் கொக்கி பொருத்திய எளிய கையே பலமுறை மேலாயிருக்கும். விலையோ சொல்லத் தேவையில்லை.

எனினும், கிடந்த வெடிபொருளைத் தெரியாமல் எடுத்துக் கையிழந்த ஒருவன் மின்கை பெற வரும்போது முதலில் அவனுக்குக் கை தரப்படுவதில்லை. எஞ்சிய தசையின்மேல் இரு உலோகத் தகடுகளை ஒட்டித் திரையின் முன் அமர்த்துவர். இல்லாத கையை மூடு என்பர், திறவென்பர். அவன் மனத்தில் மூட, திரையில் கோடு எழும். திறக்க, மற்றொரு கோடு எழும். சில நாட்களுக்கு அதுவே பயிற்சி.