நகல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே நாளில், இதே ஊரின் தென்கோடியில் இருக்கும் கொலாபாவில் பதிவானது வெறும் 73 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே 25 கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த மழையைப் பற்றி மும்பைத் தமிழர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அன்று முழுகிப்போன கணக்குகளைப் பற்றி. மேலே சொன்ன இரண்டு எண்களையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணினி பராமரித்துக் கொடுக்கும் வேலையில் பல வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். சிறு வியாபாரிகளின் பேக்கப் சரித்திரத்தை என்னை எழுதச் சொன்னால் ஒரே கேள்வியை வைத்து எழுதிவிடுவேன். அசலுக்கும் நகலுக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

காகிதக் காலத்திலிருந்து ஆரம்பிப்போம். இங்கே குஜராத்தி சேட்டுகள் தீபாவளிக்குச் சோப்டா பூஜை செய்கிறார்களே, அந்தச் சிவப்பு உறை போட்ட கணக்குப் புத்தகம். அன்றன்றைய வரவு செலவு ஒரு புத்தகத்தில், ஆள்வாரிக் கணக்கு இன்னொன்றில். நம் ஊரில் குறிப்பேடு, பேரேடு என்போம். பேரேடு தொலைந்தால் குறிப்பேட்டைப் பார்த்துத் திரும்ப எழுதிவிடலாம். கை வலிக்கும், அவ்வளவுதான். யாரும் பேக்கப் என்று பெயர் வைக்காமலே ஒரு பேக்கப் இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே அலமாரியில். தீப்பிடித்தால் இரண்டும் சாம்பல். இந்த விஷயத்தில் நம் நகரத்தார் ஒரு படி மேலே. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த அவர்களது ஆட்கள், செட்டிநாட்டு முதலாளிக்குக் கடல் தாண்டிக் கணக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். முதலாளி கண்காணிக்கத்தான் அந்த ஏற்பாடு. கூடவே ஊரில் ஒரு நகலும் சேர்ந்துவிட்டது.

1986ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் பியூட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் டாலி. மெல்ல மெல்லக் கடைகளில் சிவப்புப் புத்தகம் பூஜைக்கு மட்டும் என்றாயிற்று. டாலியில் ஒரு வவுச்சர் போட்டால் பேரேடு தானாக வந்துவிடும். கணக்குப்பிள்ளைக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் இரண்டு கையால் எழுதிய இரண்டு புத்தகங்கள் போய் எல்லாமே ஒரே இடத்துத் தகவலாகிவிட்டன. அந்தப் பெயரில்லாத பேக்கப் காணாமல் போனதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அதற்குப் பதிலாக 1.44 எம்பி பிளாப்பிகள் வந்தன. மேஜை இழுப்பறையில், பூசணம் பூத்து.

முதல் பெரிய அடி 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று வேலையைக் காட்டியது. செர்னோபில் விபத்து நடந்த தேதியும் அதுவே என்பதால் செர்னோபில் வைரஸ் என்று பெயர் வந்தது. விண்டோஸ் 95, 98 கணினிகளில் வன்தட்டின் முதல் ஒரு மெகாபைட்டை அழித்துவிடும். சில மதர்போர்டுகளில் பயாஸையும் காலி செய்துவிடும். தென் கொரியா, துருக்கி, இந்தியா என்று ஆசியா முழுக்க அடி.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை அந்தக் கால விண்டோஸ் இரண்டு பிரதியாக எழுதி வைக்கும். ஃபேட்16 முறையில் ஒரு பிரதி அதிகபட்சம் 128 கிலோபைட். அடுத்தடுத்து இருப்பதால் இரண்டுமே முதல் மெகாபைட்டுக்குள் வந்துவிடும், இரண்டும் சேர்ந்தே போயின. ஃபேட்32 முறையில் அமைத்த பெரிய வட்டுகளிலோ முதல் பிரதியே ஒரு மெகாபைட்டைத் தாண்டும். இரண்டாவது அதற்கும் அப்பால். அது தப்பித்தது. அதை வைத்தே வட்டை மீட்கும் நிரல் ஒன்றை ஸ்டீவ் கிப்சன் இலவசமாக வெளியிட்டார். ஒரு மெகாபைட் தூரம் சில பேருக்குக் கடையைக் காப்பாற்றிக் கொடுத்தது!

சரி, 2005க்கு வருவோம். மகாராஷ்டிரத்தில் அந்த ஏப்ரல் 1ந்தேதிதான் வாட் வரி அமலுக்கு வந்திருந்தது. நாலு மாதத்து பில்கள் கணினிக்குள். வெள்ளம் வடிந்த வாரம் குர்லா, காலினா பக்கம் நான் போன கடைகள் எல்லாமே தரைத்தளம். சிபியூ பெட்டி மேஜைக்கு அடியில், தரையில். "பேக்கப் இருக்கா சேட்?" என்றால் "இருக்கு அண்ணா, டி டிரைவில்" என்று பதில் வரும். சி டிரைவும் டி டிரைவும் ஒரே வட்டை இரண்டாகப் பிரித்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இன்னும் சிலர் சிடியில் எழுதி வைத்திருந்தார்கள், சிபியூவுக்குப் பக்கத்து இழுப்பறையில். ஒரு கடையில் உயரத் தட்டிலிருந்த பழைய காகித பஹி மட்டும் பிழைத்தது. அந்த சிடி கொலாபாவில் யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்காது. 944க்கும் 73க்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

வெள்ளத்துக்குப் பிறகு நிறையப் பேர் வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் வாங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் மாட்டியதைக் கழற்றவே மாட்டார்கள். 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை கிளம்பியது. சுமார் 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயினில் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போட்டவர்கள்தான் குறைவு. இந்த வகை வைரஸுக்கு சி, டி, வெளி வட்டு என்ற பேதமில்லை. கம்பியில் தொங்கும் எதையும் பூட்டிவிடும். மேகத்தில் வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்காத சேவை என்றால், பூட்டிய கோப்பும் சமர்த்தாக மேலே ஏறி நல்ல கோப்பின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு எனக்கு வசதியாக இருக்கிறது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். சேட்டுகளுக்கு இதைவிடச் சட்டம்தான் சீக்கிரம் புரிகிறது. 2017 ஜூலை 1ல் வந்த ஜிஎஸ்டியின் விதி 57, கணினியில் கணக்கு வைப்பவர்கள் விபத்தோ இயற்கைச் சேதமோ நேர்ந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் பத்திரப்படுத்தவும் வேண்டும். கவனியுங்கள், நகல் இருந்தால் போதாது, மீட்க வர வேண்டும்.

அதனால் என் கடைகளில் இரண்டு வட்டு வழக்கம். ஒன்று கடையில், இன்னொன்று முதலாளியின் உறவினர் வீட்டில், ஊரின் வேறு கோடியில். சனிக்கிழமை இடம் மாறும். எழுதும் நேரம் தவிரக் கம்பி கழற்றியே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வீட்டிலிருந்து வந்த வட்டை என் மடிக்கணினியில் ரீஸ்டோர் செய்து, ரொக்க இருப்பைக் கடைக் கணினியோடு ஒப்பிடுவோம். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. சேட் டீ சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பைசா வரைக்கும் பார்ப்பார்.